வணிகர் சங்கச் செயலாளராகப் பொறுப்பேற்பவர் கவனிக்க வேண்டியவை

பொறுப்பு கைக்கு வந்ததும் முதலில் திறந்து பார்க்க வேண்டியது சந்தா லெட்ஜர். யார் எவ்வளவு கட்டுகிறார், யார் பாக்கி, மொத்த வரவில் பெரிய உறுப்பினரின் பங்கு எவ்வளவு என்ற மூன்றையும் ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனம் மொத்தச் சந்தாவில் கால் பங்குக்கு மேல் கட்டினால், பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் சங்கம் அந்த நிறுவனத்துடையதுதான். அது விலகிய மாதம் அலுவலக வாடகைக்கே திண்டாட வேண்டிவரும்.

எல்லாருக்கும் ஒரே சந்தா என்றால் சிறு வணிகர் சேரமாட்டார். விற்றுமுதலில் இத்தனை சதவீதம் என்றால் பெரியவர் கணக்கைக் காட்டமாட்டார். நடைமுறையில் நிலைப்பது அடுக்குமுறைதான். விற்றுமுதலை மூன்று, நான்கு அடுக்காகப் பிரியுங்கள். எந்த அடுக்கில் வருகிறார் என்பதை உறுப்பினரே எழுதிக் கொடுக்கட்டும். மேல் அடுக்குக்காரர் கூடுதலாகக் கட்டலாம், ஆனால் ஓட்டு ஆளுக்கு ஒன்றுதான். ஆறு மாதச் செலவுக்கான பணம் எப்போதும் வங்கி வைப்பில் இருக்கட்டும்.

சந்தா வராமல் போவதற்குக் கஞ்சத்தனம் மட்டும் காரணமல்ல. சங்கம் அலைந்து வாங்கும் வரிக்குறைப்பு, உறுப்பினர் அல்லாதவருக்கும் சேர்த்துத்தான் கிடைக்கிறது. பிறகு நான் எதற்குக் கட்ட வேண்டும் என்று ஒருவர் கணக்குப் போட்டால் அந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆகவே உறுப்பினருக்கு மட்டுமே கிடைக்கிற சேவை இரண்டு மூன்றாவது இருந்தாக வேண்டும்: சந்தைப் புள்ளிவிவரச் சுற்றறிக்கை, தகராறு தீர்க்கும் குழு, புது விதி வந்தால் அதே வாரத்தில் விளக்கம். ஆண்டு விழா விருந்து இந்தக் கணக்கில் சேராது.

அரசுக்கு மனு

“இந்த வரி எங்கள் தொழிலை நசுக்குகிறது, உடனே ரத்து செய்ய வேண்டும்” என்று போகும் மனு கோப்பிலேயே தூங்கும். விதி எண், உட்பிரிவு, அதனால் எத்தனை பேருக்கு எவ்வளவு கூடுதல் செலவு, பழைய வாசகத்துக்குப் பதிலாக வைக்க வேண்டிய வாசகம் (சட்ட நடையிலேயே), மாற்றினால் அரசுக்கு எவ்வளவு வருவாய் குறையும்: இவை எல்லாம் இரண்டு பக்கத்துக்குள் வரவேண்டும், மிச்சத்தை இணைப்பில் வையுங்கள். பலரும் விட்டுவிடுவது வருவாய் இழப்பைத்தான். நீங்கள் ஒரு தொகை சொல்லாவிட்டால் நிதித்துறையே ஒன்றைப் போட்டுக்கொள்ளும். அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான். பத்து வைத்தால், செலவில்லாத ஒன்பதாவதை ஏற்றுக்கொண்டு மற்றதை “பரிசீலனையில் உள்ளது” என்று முடித்துவிடுவார்கள். அமைச்சருக்குச் சால்வை போட்டுப் படம் எடுப்பதைவிட, வரைவு எழுதும் அதிகாரியின் மேசைக்கு அது எழுதப்படும் முன்பே தாள் போய்ச் சேர்வது முக்கியம்.

ஒரே சங்கத்தில் இறக்குமதியாளரும் உற்பத்தியாளரும் இருந்தால் சுங்கவரி விஷயத்தில் ஒத்துப்போக மாட்டார்கள். இரு தரப்பையும் சமாளிக்க வழவழவென்று எழுதும் மனுவை யாரும் மதிப்பதில்லை. அந்த விஷயத்தில் சங்கத்துக்குக் கருத்தில்லை என்று தீர்மானம் போட்டு, அவரவர் தனித்தனியாக எழுதிக்கொள்ள விடுவதே நல்லது.

புள்ளிவிவரம் சேகரிப்பது

சங்கம் தருவதில் மிகப் பயனுள்ளதும் மிக ஆபத்தானதும் இதுதான். போட்டியாளர்கள் விவரம் பகிர்வது கூடிப்பேசி விலை வைப்பதாக மாறினால் அது சட்டமீறல். இதே விஷயத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தது. 1921-இல் கடினமர உற்பத்தியாளர்கள் தங்கள் விற்பனை, விலை, இருப்பு எல்லாவற்றையும் விவரமாகப் பகிர்ந்து, உற்பத்தியைக் குறைப்பது பற்றியும் கூட்டங்களில் பேசியதைச் சட்டவிரோதம் என்றது. 1925-இல் மேப்பிள் தரைப்பலகை உற்பத்தியாளர்கள், முடிந்துபோன விற்பனைகளை யாருடையது என்று தெரியாதபடி தொகுத்து வெளியிட்டதைத் தவறில்லை என்றது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துப் படிவத்தை வடிவமையுங்கள்.

உறுப்பினர்கள் தரவை அனுப்புவது வெளி ஆடிட்டர் ஒருவருக்கு. உங்களுக்கோ தலைவருக்கோ அல்ல. ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண். ஆடிட்டர் கூட்டுத்தொகையையும் சராசரியையும் மட்டும் திருப்பித் தருவார். குறைந்தது ஐந்து பேர் தந்திருக்க வேண்டும், எவருடைய பங்கும் மொத்தத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, விவரம் மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்க வேண்டும். இந்த அளவுகோல் 1996-இல் அமெரிக்கப் போட்டிச் சட்ட அமலாக்க அமைப்புகள் மருத்துவத் துறைக்குச் சொன்னது. 2023-இல் அதை விலக்கிக்கொண்டார்கள். ஆகவே இது கேடயம் அல்ல, இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்ற கோடு.

ஐந்து பேர் எதற்கு? இரண்டே பேர் தந்து, மொத்தம் 900 டன் என்று சுற்றறிக்கை வந்தால், 340 டன் விற்றவர் அதைக் கழித்துவிட்டு எதிராளி 560 டன் விற்றார் என்று தெரிந்துகொள்வார். ஆறு பேர் தந்தும் ஒருவரிடமே முக்கால் பங்கு இருந்தால் நிலைமை கிட்டத்தட்ட இதுவே. அந்த மாதம் அந்த வரிசையைக் காலியாக விடச் சொல்லுங்கள். உறுப்பினர் முணுமுணுப்பார், பரவாயில்லை.

அடுத்த மாதம் என்ன விலை வைக்கப்போகிறோம், எவ்வளவு உற்பத்தி செய்யப்போகிறோம் என்ற கேள்விகளுக்குப் படிவத்தில் இடமே கிடையாது.

கூட்டத்தில்

நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே அனுப்புங்கள். அதில் இல்லாததைப் பேச விடாதீர்கள். “வரும் ஒன்றாம் தேதியிலிருந்து எல்லாரும் ஏற்றிவிடலாமே” என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும் அப்போதே நிறுத்த வேண்டும்: இது இங்கே பேசக்கூடாத விஷயம் என்று சத்தமாகச் சொல்லி, சொன்னதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதுங்கள். பேச்சு தொடர்ந்தால் கூட்டத்தை முடித்துவிடுங்கள். பேசாமல் உட்கார்ந்திருந்தால் தப்பிக்கலாம் என்று நினைக்கிறவர் அதிகம். ஐரோப்பியப் போட்டிச் சட்டத்தில், வெளிப்படையாக மறுத்து விலகாமல் உட்கார்ந்திருந்தவரும் உடன்பட்டவராகவே கருதப்படுவார். அங்கே உறுப்பினர்களின் வணிகம் சம்பந்தப்பட்ட மீறலுக்குச் சங்கத்தின் மீது விதிக்கும் அபராதம், அந்தச் சந்தையில் இருக்கும் உறுப்பினர்களின் மொத்த விற்றுமுதலில் பத்து சதவீதம் வரை போகலாம். சங்கத்திடம் பணம் இல்லையென்றால் உறுப்பினரிடமே கேட்பார்கள்.

டீ இடைவேளையும் வாட்ஸ்அப் குழுவும் இதில் விதிவிலக்கு அல்ல. உண்மையில் பல வழக்குகளில் சாட்சியமாவது குழுச் செய்திகள்தான். “அந்த டீலரிடம் யாரும் வாங்காதீர்கள்” என்ற கூட்டுப் புறக்கணிப்பும் விலை பேசுவதற்குச் சமமான வில்லங்கம்.

ஒப்பந்தமும் தகராறும்

1919-இல் தொடங்கிய சர்வதேச வர்த்தக சபை 1923-இல் நடுவர் தீர்ப்பாயத்தை அமைத்தது, 1936-இல் சரக்கு விற்பனை நிபந்தனைகளுக்கான இன்கோடெர்ம்ஸ் விதிகளை வெளியிட்டது. சரக்கு எந்த இடத்தில் கைமாறுகிறது, அதுவரை நஷ்டம் யாருடையது என்பதற்கு உலகம் முழுக்க இன்றும் அந்த விதிகளின் FOB, CIF போன்ற மூன்றெழுத்துச் சுருக்கங்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். உங்கள் சங்கம் இதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். தரம், எடைக் கழிவு, மாதிரி எடுக்கும் முறை போன்ற உங்கள் சரக்குக்கே உரியவற்றை மட்டும் ஒப்பந்தப் படிவத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடுவர் பட்டியலில் ஒற்றைப்படையாக மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கும் வழி இருக்க வேண்டும். தகராறுக்காரருடன் கொடுக்கல் வாங்கல் உள்ளவர் தானாக விலக வேண்டும். இந்த ஏற்பாடு உடைவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: தகராறை நடுவரிடம் விடுவோம் என்ற வாசகம் சங்க விதிகளில் இருக்கும், இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருக்காது. “நான் இதற்கு ஒப்புக்கொள்ளவே இல்லை” என்று தோற்றவர் நீதிமன்றம் போனால் ஆறு மாத வேலை வீண். சங்க ஒப்பந்தப் படிவத்தின் அடியிலேயே அந்த வாசகத்தை அச்சடித்துவிடுங்கள்.

பதவிக்காலம் முடிந்து போகும்போது நடவடிக்கைக் குறிப்பேடு, சந்தா லெட்ஜர், மனுக்களின் நகல், இணையக் கணக்குகளின் கடவுச்சொற்கள், எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, அடுத்தவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். வங்கியில் கையெழுத்து மாற்றும் படிவத்தையும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.