மாற்று இசியூ வாங்கும் முன் எந்த எண்ணைப் பார்ப்பது?

காரின் மாடலும் வருடமும் ஒத்துப்போகிறதே என்று நம்பி இசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டியை, வாங்கிவிடாதீர்கள். ஒரே மாடலில் மேனுவல் கியருக்கு ஒன்றும் ஆட்டோமேட்டிக்குக்கு வேறொன்றும் இருக்கலாம், வெளியே பார்த்தால் பெட்டியும் சாக்கெட்டும் அச்சு அசலாக ஒரே மாதிரிதான் தெரியும்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, இசியூவை வெளியே எடுத்து, மேலே இருக்கும் ஸ்டிக்கரைத் துடைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாஷ் தயாரிப்பு என்றால் பொதுவாக 10 இலக்க எண் இருக்கும்; 0 261 என்று தொடங்கினால் பெட்ரோல், 0 281 என்றால் டீசல். பக்கத்திலேயே கார் கம்பெனியின் பார்ட் நம்பர், சிலவற்றில் சாஃப்ட்வேர் எண். கடைசி எழுத்து மட்டும்தானே மாறுகிறது என்று விட்டுவிடாதீர்கள், வில்லங்கமே அதில்தான்.

ஸ்டிக்கர் அழிந்துபோயிருந்தால்? 17 எழுத்து சேசிஸ் நம்பரைக் கொடுத்து டீலரிடம் கேளுங்கள்.

அப்புறம் இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாமல் வண்டியை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு அமைப்பு. எண்ணெல்லாம் பொருந்திய செகண்ட்ஹேண்ட் இசியூவை மாட்டினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம், அல்லது ஸ்டார்ட் ஆன இரண்டு நொடியில் அணைந்துவிடலாம், ஏனென்றால் அது இன்னும் பழைய காரின் சாவியைத்தான் தேடிக்கொண்டிருக்கும். அதனால் உங்கள் பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்; அதிலிருக்கும் டேட்டாவைப் புதியதற்கு மாற்ற வேண்டியிருக்கலாம்.