அயர்லாந்து ராட்சத மானுக்குத் தோல் போர்த்துவது எப்படி?

அழிந்துபோன அயர்லாந்து ராட்சத மானை, எலும்புக்கூட்டை வைத்து உயிருள்ள உருவமாக மூன்று தடவை வரைந்து, மூன்றையும் கிழித்துப் போட்ட பிறகுதான் இதை எழுதுகிறேன். முதல் படத்தைப் பார்த்த என் தங்கை மகன், "மாமா, மூஸ் நல்லா இருக்கு" என்றான். இரண்டாவதைப் பார்த்து, "இது ஜல்லிக்கட்டு மாடா?" என்று கேட்டான். மூன்றாவதற்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்கே தெரிந்தது, கொம்பு தலையில் முளைத்த மாதிரி இல்லை, ஃபெவிகால் போட்டு ஒட்டின மாதிரி இருந்தது. நான்காவது ஓரளவு உருப்பட்டது. அந்த வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

பென்சில் பிடிப்பது, நிழல் போடுவது எல்லாம் இதில் கிடையாது. ஒரு ஆட்டையோ மாட்டையோ பார்த்து வரைந்த பழக்கம் இருந்தால் போதும்.

முதலில் ஆள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். அறிவியல் பெயர் மெகலோசெரோஸ் ஜைகான்டியஸ். ஊரறிந்த பெயர் 'ஐரிஷ் எல்க்'. அந்தப் பெயரில் இரண்டு சொல், இரண்டுமே வழி தவற வைக்கும். அயர்லாந்தில் எலும்பு ஏராளமாகக் கிடைத்ததே தவிர, அந்த மான் அங்கிருந்து சைபீரியாவின் பைக்கால் ஏரிப் பக்கம் வரை திரிந்தது. எல்க்கும் அல்ல (மூஸ் என்னும் பெரிய மானைத்தான் ஐரோப்பாவில் எல்க் என்பார்கள்). 2005-இல் வெளியான மரபணு ஆய்வு, இன்றுள்ள மான்களில் இதற்கு நெருங்கிய சொந்தம் உடலில் புள்ளி உள்ள ஃபேலோ மான் என்று காட்டியது. மேற்கு சைபீரியாவில் சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன்புவரைகூட உயிரோடு இருந்திருக்கிறது. பெயரை நம்பி மூஸ் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததுதான் என் முதல் தோல்வி.

என்னென்ன வேண்டும்

ட்ரேசிங் பேப்பர் நாலைந்து தாள், 2பி பென்சில், நீலம், பச்சை, சிவப்பு நிறப் பென்சில்கள், ஒரு பழைய அட்டைப்பெட்டி, ஒரு முழம் கட்டுக்கம்பி, ஒரு உருளைக்கிழங்கு. கடைசி மூன்றும் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

கணினியில்தான் வரைவேன் என்பவர்களுக்கு கிரிட்டா என்ற மென்பொருள் இருக்கிறது. இலவசம், நன்றாகவும் இருக்கிறது. ஆனால் இந்த வேலைக்கு என் ஓட்டு ட்ரேசிங் பேப்பருக்குத்தான். கணினியில் லேயரை மறைத்துவிட்டு எலும்பை மறந்துவிடுகிறோம். தாளில் அடியிலிருக்கும் எலும்பு மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும், ஏமாற்ற விடாது.

நிறப் பென்சில்கள் ஏன் என்றால், எலும்பிலிருந்து வரும் கோடு நீலம், சொந்தக்கார மான்களைப் பார்த்துப் போடும் கோடு பச்சை, பழங்காலக் குகை ஓவியத்திலிருந்து எடுப்பது சிவப்பு, நானாக ஊகிப்பது சாதாரணப் பென்சில். நான்காவது முயற்சி உருப்பட்டதற்கு முக்கியக் காரணம் இந்தக் கணக்கு வழக்குதான். மூன்றாவது படத்தை இந்த நிறங்களில் பிரித்துப் பார்த்தபோது முக்கால்வாசி பென்சிலாகவே இருந்தது!

1. எலும்புக்கூட்டுப் படம்

டப்ளின் மெரியன் தெருவிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ராட்சத மான் எலும்புக்கூடுகள் உலகப் புகழ் பெற்றவை. இரண்டு கலைகளும் (ஆண் மான்) ஒரு பிணையும் (பெண் மான்). இணையத்தில் படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் பெரும்பாலும் பார்வையாளர்கள் முன்னால் நெருங்கி நின்று, கீழிருந்து மேலாக எடுத்தவை. கொம்பு வானத்தை மறைக்கும், பின்னங்கால் கன்றுக்குட்டிக் கால் மாதிரி சுருங்கியிருக்கும். தூரத்திலிருந்து, நேர்ப் பக்கவாட்டில் எடுத்த படம் கிடைக்கும்வரை தேடுங்கள். ஒன்றுக்கு மூன்றாக வெவ்வேறு எலும்புக்கூடுகளை ஒப்பிடுவது இன்னும் நல்லது. 19-ஆம் நூற்றாண்டில் கோத்து நிறுத்தியவற்றில் பல, ஒன்றுக்கு மேற்பட்ட மான்களின் எலும்புகளைச் சேர்த்து உருவாக்கியவை. ஒன்றை மட்டும் நம்பினால் வேறொரு மானின் காலோடு வரைந்துவிடுவீர்கள்.

2. அளவு

தோள் உயரம் சுமார் 2.1 மீட்டர். கொம்பின் இரு நுனிகளுக்கு இடையே பெரிய கலைகளில் 3.5 மீட்டரைத் தாண்டும். 20-இல் ஒரு பங்கு அளவு எடுத்தால் தோள் 10.5 சென்டிமீட்டர், கொம்பு 17.5 சென்டிமீட்டர். ஏ4 தாளில் அழகாக அடங்கும். பக்கத்தில் 8 சென்டிமீட்டருக்கு ஒரு மனித உருவம் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு அழித்துவிடலாம். அது இல்லாவிட்டால் கை தானாகவே மானைப் புள்ளிமான் அளவுக்குக் குறுக்கிவிடும்.

3. சதை

இதை வேகமாகக் கடந்துவிடலாம். முகம், முன்முழங்கால், குளம்புக்கு மேல் உள்ள பகுதி, இங்கெல்லாம் தோல் எலும்போடு ஒட்டியிருக்கும். தொடை, தோள், கழுத்து, இங்கே தாராளமாகப் போடுங்கள். கழுத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கொம்பு மட்டுமே 40 கிலோ வரும், அதைத் தூக்கிப் பிடிக்கும் கழுத்து அது. அந்தக் கொம்பும் ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாக முளைப்பது.

4. திமில்: நான் விழுந்த குழி

இந்த மானுக்குத் தோளுக்கு மேல் ஒரு மேடு உண்டு என்று படித்தேன். மனசுக்குள் அதைத் 'திமில்' என்று தமிழாக்கினேன். அங்கேதான் வந்தது வினை. திமில் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு வருவது காங்கேயம் காளை. அந்தத் திமில் சதையும் கொழுப்பும். அதற்குள் எலும்பு கிடையாது, அதனால்தான் பக்கவாட்டில் சாய்கிறது, ஓடும்போது ஆடுகிறது. நான் அதை அப்படியே மான்மேல் தூக்கி வைத்தேன். தங்கை மகன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான்.

முதுமலையிலோ வால்பாறையிலோ காட்டுமாடு பார்த்திருப்பீர்கள். அதன் முதுகு மேட்டுக்குள் எலும்பு இருக்கிறது. முதுகு முள்ளெலும்புகளிலிருந்து நீண்ட முட்கள் மேல்நோக்கி எழுந்து அந்த மேட்டைத் தாங்குகின்றன. அதனால் அது ஆடாது, சாயாது. ராட்சத மானிலும் தோளுக்கு மேல் வரும் முள்ளெலும்புகளின் முட்கள் நீண்டிருக்கின்றன. தலையையும் கொம்பையும் தூக்கிப் பிடிக்கும் தசைக்கும் நாருக்கும் பிடிமானம் அங்கேதான். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது காளையை அல்ல, காட்டுமாட்டை.

செய்முறை: எலும்புக்கூட்டுப் படத்தில் முதுகு முட்களின் நுனிகளை மட்டும் புள்ளி வைத்து, புள்ளிகளை நீலத்தில் இணையுங்கள். அது அடித்தளம். அடுத்து குகைக்கு வாருங்கள். தெற்கு பிரான்ஸின் லோட் மாவட்டத்தில் கூன்யாக் குகை ஓவியங்கள் 1952-இல் தெரிய வந்தன. அங்கே இந்த மானை உயிரோடு பார்த்தவர்கள் வரைந்த உருவங்கள் இருக்கின்றன. அவற்றில் தோளுக்கு மேல் மேடு தெளிவாக எழுந்து நிற்கிறது, அதுவும் கறுப்பாக. எலும்பு மட்டும் சொல்வதைவிட அது கூர்மையானது. இடைவெளியை நிரப்பியது கொழுப்பா, மயிரா, இரண்டுமா என்பதை மண்ணுக்குள் கிடந்த எலும்பு சொல்லாது. நீலக் கோட்டுக்கு மேலே சிவப்பில் இன்னொரு கோடு போடுங்கள். முன்பக்கம் கழுத்தோடு செங்குத்தாக ஏறி, பின்பக்கம் முதுகோடு சரிவாக இறங்கட்டும். என் கை இரண்டு கோட்டுக்கும் நடுவே, சிவப்புக்குச் சற்று அருகில் நின்றது.

1854-இல் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்ற சிற்பி லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவுக்குச் செய்த ராட்சத மான் சிலைகளில் இந்தக் கறுத்த மேட்டைத் தேடாதீர்கள். அந்தக் குகை ஓவியங்கள் தெரிய வரவே இன்னும் 98 ஆண்டு இருந்தது. பழைய ஓவியங்களைப் பார்த்து நகலெடுப்பவர்களுக்கு இதுதான் ஆபத்து.

*பின்சேர்க்கை:* "அந்தக் காலத்து ஆள் கிறுக்கினதை எப்படி நம்புவது?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நியாயம்தான். ஒரே ஒரு படம் என்றால் நானும் நம்பமாட்டேன். ஒன்றுக்கு மேற்பட்ட உருவங்களில் அதே மேடு வருகிறது, அதே இடத்தில் எலும்பு முட்களும் நீண்டிருக்கின்றன. இரண்டு சாட்சி போதும் என்று விட்டுவிட்டேன். இன்னொன்றும் நினைவிருக்கட்டும். நாம் பார்க்கும் பெரும்பாலான முழு எலும்புக்கூடுகள் அயர்லாந்தில் கிடைத்தவை, ஓவியம் பிரான்ஸுடையது. இரண்டுக்கும் நடுவே பல ஆயிரம் ஆண்டு இருக்கிறது. அயர்லாந்து மான் கொஞ்சம் வேறு மாதிரி இருந்திருக்கலாம். அதனால்தான் அந்தக் கோடு சிவப்பு.

5. கொம்பு

அட்டைப்பெட்டியை எடுங்கள். ப்ளெண்டரில் முப்பரிமாண மாதிரி செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதில் தொலைத்தேன். அட்டையில் இருபது நிமிடம்.

பத்தில் ஒரு பங்கு அளவில் செய்யுங்கள், அதாவது நுனிக்கு நுனி 35 சென்டிமீட்டர். உருளைக்கிழங்குதான் மண்டை. கட்டுக்கம்பியைக் கண்ணுக்குப் பின்னாலிருந்து முதலில் பக்கவாட்டில் வெளியே விடுங்கள், பிறகு மேலே வளையுங்கள். நான் எடுத்த எடுப்பில் மேல்நோக்கி விட்டதால்தான் ஒட்ட வைத்த மாதிரி ஆனது. அடிக்குப் பக்கத்தில் நெற்றியை ஒட்டி முன்னால் நீட்டும் ஒரு தட்டையான சிறு கிளை உண்டு, அதை மறக்காதீர்கள். கம்பியின் நுனியில் அட்டைத் தட்டு. தட்டைச் சற்று நனைத்து முறம் மாதிரி லேசாகக் குழித்துக்கொள்ளுங்கள். விரல் போன்ற கிளைகள் பெரும்பாலும் முன்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் வரும்.

தட்டின் அகலமான முகம் எந்தப் பக்கம் பார்க்கும்? தொல்லுயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1974-இல் எழுதிய கட்டுரையில் சொன்னது எனக்குப் பெரிய திறப்பு. இந்த மான் தலையைத் திருப்ப வேண்டியதே இல்லை, நேராகப் பார்த்தாலே தட்டுகள் இரண்டும் எதிரிலிருப்பவருக்கு முழுதாகத் தெரியும். ஆகவே பக்கவாட்டுப் படத்தில் தட்டு மெலிந்து, சரிந்துதான் தெரிய வேண்டும். பக்கத்திலிருந்தும் முழு விசிறி தெரிகிற மாதிரி வரைந்தால் அது தவறு.

இப்போது கைபேசியில் படம் எடுங்கள். கவனம், பக்கத்தில் போய் எடுக்காதீர்கள். ஒரு அடி தூரத்திலிருந்து எடுத்தால், உண்மை மானுக்கு மூன்று மீட்டர் எதிரில் நின்று பார்ப்பதற்குச் சமம். முன் கொம்பு பூதாகரமாகும், பின் கொம்பு காணாமல் போகும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள். 20 மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பது போல அமையும்.

*பின்சேர்க்கை:* கொம்புக்குக் கரும்பழுப்பு அடித்து அனுப்பியிருந்தார் ஒரு வாசகர். அருங்காட்சியகத்தில் அப்படித்தானே இருக்கிறது என்றார். அது ஆயிரக்கணக்கான ஆண்டு சேற்றில் கிடந்து ஏறிய கறை. உயிருள்ள மானின் கொம்பு நுனிகள் உரசி உரசி வெளுத்திருக்கும்.

6. முகம்

மூஸுக்குத் தொங்கும் பெரிய மூக்கு, அதனால் அதன் மூக்கெலும்பு மிகக் குட்டை. இதற்கு அப்படியில்லை, மூக்கெலும்பு நீளம். ஆகவே சாதாரண மான் மூக்கு, பச்சைக் கோடு. தாடைக்குக் கீழே தொங்கும் தோல்பையும் வேண்டாம். கீழ்த்தாடை எலும்பு மட்டும் வழக்கத்துக்கு மாறாகத் தடிமனானது, அங்கே கொஞ்சம் கனம் காட்டலாம்.

7. நிறம்

ஃபேலோ மான் சொந்தம் என்றதும் புள்ளி வைக்கக் கை துறுதுறுக்கும். வைக்காதீர்கள். குகைச் சுவரில் புள்ளி இல்லை. மான் ஆய்வாளர் வேலரியஸ் கைஸ்ட் போன்றவர்கள் குகைக் கோடுகளைப் படித்துச் சொன்னது: வெளிறிய உடல், கறுத்த மேடு, கழுத்தில் ஒரு கருவளையம், தோளிலிருந்து விலாவில் சாய்வாக இறங்கும் ஒரு கருங்கோடு. நான் மேட்டையும் சாய்கோட்டையும் எடுத்துக்கொண்டேன். உடலுக்கு வைக்கோல் நிறம். வைக்கோலின் எந்தச் சாயல் என்பது முழுக்க என் இஷ்டம், சுத்தமான பென்சில் கோடு. கேம்லின் போஸ்டர் கலரே போதும். விலை உயர்ந்த வாட்டர்கலரில் அந்தக் கறுப்பு இவ்வளவு அழுத்தமாக எனக்கு வரவில்லை.

8. பருவமும் நிலமும்

முழுக் கொம்பு, வீங்கிய கழுத்து என்றால் இலையுதிர் காலம், இணைசேரும் பருவம். வளரும்போது வெல்வெட் போன்ற மெல்லிய தோல் மூடிய கொம்பு என்றால் கோடை. வெல்வெட் கொம்பையும் பனிப்பொழிவையும் ஒரே படத்தில் போட்டு ஒரு தம்பி அனுப்பியிருந்தார். படம் அழகு, ஆனால் காலண்டர் ஒத்துவரவில்லை.

பனியில்தான் வரைவேன் என்றால் மானை மெலிய வையுங்கள். டப்ளின் அருகே பாலிபெட்டா சதுப்பில் கிடைத்த எலும்புகளை அந்தோணி பார்னோஸ்கி என்ற ஆய்வாளர் ஆராய்ந்து 1985-இல் வெளியிட்டார். அங்கே இறந்தவை கலைகள், அதுவும் குளிர்காலத்தை ஒட்டி. இணைசேரும் பருவத்தில் உடம்பை உருக்கிவிட்டுக் குளிரைச் சந்திக்கும் கலைக்கு விலா தெரிய வேண்டும், மேடும் சற்று ஒடுங்கியிருக்கலாம்.

பின்னணியில் அடர்ந்த பைன் காடு வேண்டாம். திறந்த புல்வெளி, அங்கங்கே குட்டை பர்ச், வில்லோ, ஜூனிபர் புதர் போதும். சேற்று நிலத்தையும் தவிருங்கள். எலும்புகள் கிடப்பது பீட் (மக்கிய தாவரம் படிந்த) சதுப்புக்கு அடியிலுள்ள ஏரிக் களிமண்ணில். சதுப்பு பிறகு வந்து மூடியது. மான் பார்த்தது தெளிந்த ஏரி.

*பின்சேர்க்கை 3:* பிணையை எப்படி வரைவது என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். பிணைக்குக் கொம்பு கிடையாது, எனவே அட்டையும் கம்பியும் மிச்சம். ஆனால் கழுத்தை மெலிதாக்க வேண்டும், மேட்டையும் தணிக்க வேண்டும் என்பது என் கணிப்பு, அதற்கு இன்னும் பென்சில் கோடுதான் போட்டு வைத்திருக்கிறேன். கலையில் ஏதாவது தப்பினாலும் பார்ப்பவர் கண் கொம்பில் நின்றுவிடும். பிணையில் அந்தச் சலுகை இல்லை. இரண்டு தாள் கிழித்தாகிவிட்டது.