குளத்தில் மீன் விடுமுன்: டெல்டாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்டாவில் தனிக்குளம் என்று ஒன்று கிடையாது. கல்லணையில் பிரியும் தண்ணீர் வெண்ணாறு, அரசலாறு, கிளை வாய்க்கால் என்று இறங்கி ஊர்க்குளம் வரை வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே குளம் நிரம்பி வாய்க்காலுக்கே வழியும். ஆகவே "என் குளம், நான் எந்த மீனை விட்டால் என்ன?" என்பதுதான் பெரிய தவறு.

ஜிலேபியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. நம் கெண்டைகள் பலவும் புதுத்தண்ணீருக்குக் காத்திருந்து முட்டையிடும். ஜிலேபிக்கு அந்தக் காத்திருப்பே இல்லை, வருஷத்தில் பலமுறை குஞ்சு பொரிக்கும். தாய் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பதால் சேதாரமும் குறைவு. கடைமடையின் உப்புத் தண்ணீரிலும் பிழைக்கும். கூட்டம் பெருகப் பெருக ஆளுக்கு உள்ளங்கை அளவோடு வளர்ச்சி நின்றுவிடும், நாட்டு மீனுக்கு இடமும் இரையும் போய்விடும்.

இதை ஒழிக்கிறேன் என்று பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவது அடுத்த தவறு. அயிரை, குரவை, ஆரல் எல்லாம் சேர்ந்து செத்து மிதக்கும். அடுத்த தண்ணீரில் ஜிலேபி வாய்க்கால் வழியே திரும்ப வந்துவிடும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம்: வளர்ப்பதற்கே தடை. "கரையைச் சுற்றி வலை கட்டியிருக்கிறேன்" என்பார்கள். காற்றைச் சுவாசித்து ஈரத்தரையில் ஊர்ந்து போகிற மீனுக்கு வலையில் ஒரு கிழிசல் போதாதா? மீன், தவளை என்று கிடைத்ததைத் தின்னும். மலிவாக "நாட்டுக் கெளுத்திக் குஞ்சு" என்று யாராவது கொடுத்தால், எந்தப் பண்ணைக் குஞ்சு என்று கேளுங்கள்.

கண்ணாடித் தொட்டியில் வளர்த்த டேங்க் கிளீனர் மீனைக் கொல்ல மனமில்லாமல் ஆற்றில் விடுகிறவர்களும் உண்டு. நல்ல மனசுதான், ஆனால் அது கரையைக் குடைந்து வளை போடும், முள்ளும் ஓடுமாக வலையைக் கிழிக்கும். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

வெளிநாட்டு மீன் மட்டும்தான் ஆபத்து என்பதும் சரியில்லை. கட்லாவும் ரோகுவும் வடக்கே கங்கைப் பக்கத்து மீன்கள், காவிரிக்கு விருந்தாளிகள். மேற்காவிரியில் மகாராஷ்டிரப் பக்கத்து நீலத்துடுப்பு மஹ்சீர் என்ற பெரிய ஆற்று மீனைப் பெருக்கி ஆற்றில் விட்டார்கள். காவிரிக்கே உரிய கூன்முதுகு மஹ்சீர் இன்று அழிவின் விளிம்பில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏற்கெனவே ஜிலேபி புகுந்துவிட்ட குளமா? நீர் வரும் மடையிலும் போகும் மடையிலும் சன்னக்கண் வலை கட்டுங்கள். பொடி மீன் என்று திரும்பத் தண்ணீரில் வீசாமல் பிடித்துக்கொண்டே இருங்கள், கருவாடு போடலாம், கோழிக்குப் போடலாம். அப்புறம், நம்ம ஊர் விரால் குஞ்சு கிடைத்தால் விடுங்கள். ஜிலேபிக் குஞ்சு அதற்குப் பிடித்த இரை, சந்தையில் விராலுக்கு நல்ல விலையும் கிடைக்கும்.