ஃபார்மசி ஆய்வகம்: முதல் ஆண்டிலேயே விட்டொழிக்க வேண்டிய தவறுகள்

சூடான பீக்கரை ஒருமுறை வெறும் கையால் தூக்கியவர் மறுபடி அப்படித் தூக்கமாட்டார். வலி உடனே பாடம் சொல்லிவிடும். வலிக்காத தவறுகளைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். கிளவுஸ் போட்ட கையோடு போனை எடுத்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. லேபிள் ஒட்டாத குடுவையை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாலும் ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாததாலேயே அது பழக்கமாகிறது. முதல் ஆண்டில் ஒட்டிக்கொண்ட பழக்கம், படிப்பு முடிந்து மருந்து தயாரிக்கும் இடத்துக்கும் கூடவே வரும். அங்கே அதனால் பாதிக்கப்படுபவர் முகம் தெரியாத ஒரு நோயாளி.

கையிலிருந்து வாய்க்கு

1870களின் கடைசியில் கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க் என்ற வேதியியலாளர், ஆய்வக வேலை முடிந்து கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார். ரொட்டி வழக்கத்துக்கு மாறாகத் தித்தித்தது. சாக்கரின் என்ற செயற்கை இனிப்பு கண்டுபிடிக்கப்பட்ட கதை இது. 1943 ஏப்ரலில் ஆல்பர்ட் ஹாஃப்மன் என்ற வேதியியலாளர், எல்எஸ்டி என்ற மனமயக்கப் பொருளைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது தன்னை அறியாமலேயே அதில் துளியளவு உடம்புக்குள் போய், தலைசுற்றி, வேலையைப் பாதியில் விட்டு வீட்டுக்குப் போனார். இவற்றை அதிர்ஷ்டக் கதைகளாகவே வகுப்பில் கேட்டிருப்பீர்கள். ஆய்வகத்தில் தொட்ட பொருள் கண்ணுக்குத் தெரியாத அளவில் உடம்புக்குள் போய்ச் சேரும் என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஃபால்பெர்க்கின் விரலில் அன்று இருந்தது இனிப்பு. வேறு எதுவாகவும் இருந்திருக்கலாம்.

அதனால் ஆய்வகத்துக்குள் தண்ணீர் பாட்டில், சாப்பாடு, சூயிங்கம் எதுவும் வேண்டாம். பேனா முனையைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட வேண்டும். திரவத்தை அளந்தெடுக்கும் கண்ணாடிக் குழாயான பைப்பெட்டை வாயால் உறிஞ்சுவது எந்தத் திரவத்துக்கும் கூடாது, அது வெறும் காய்ச்சி வடித்த நீராக இருந்தாலும் சரி. தண்ணீருக்கு ஒரு முறை, அமிலத்துக்கு ஒரு முறை என்று கை பிரித்துப் பார்க்காது. ரப்பர் பல்பைப் பயன்படுத்துவது முதல் வாரத்தில் எரிச்சலாக இருக்கும், பிறகு கை பழகிவிடும்.

கிளவுஸ் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். கிளவுஸ் போட்டதும் கை பாதுகாப்பாகிவிட்டது என்று தோன்றும். அந்தக் கையாலேயே கண்ணாடியைச் சரிசெய்வோம், கதவுப்பிடியைத் திறப்போம், நோட்டைப் புரட்டுவோம். கிளவுஸ் இல்லாமல் அடுத்து வருபவர் அதே பிடியைத் தொடுவார். எல்லா கிளவுஸும் எல்லாத் திரவத்தையும் தடுக்கும் என்பதும் தவறான நம்பிக்கை. 1996இல் டார்ட்மத் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹானின் லேடெக்ஸ் கிளவுஸ் மேல் டைமெத்தில் மெர்க்குரி என்ற கொடிய பாதரசச் சேர்மம் சில துளிகள் சிந்தின. அந்தத் திரவம் லேடெக்ஸைச் சில நொடிகளில் ஊடுருவிவிடும் என்பது பிற்பாடுதான் உறுதியானது. 1997 ஜூனில் அவர் இறந்துபோனார். முதல் ஆண்டு ஆய்வகத்தில் அந்தச் சேர்மம் இருக்காது. ஆனால் குளோரோஃபார்மும் டைகுளோரோமீத்தேனும் இருக்கலாம். மெல்லிய நைட்ரைல் கிளவுஸை இவையும் சில நிமிடங்களுக்குள் கடந்துவிடும். மேலே சிந்தினால் அந்த நொடியே கழற்றி, கையைக் கழுவி, புதிது போட வேண்டும்.

லேப் கோட்டைப் பித்தான் போட்டு அணியுங்கள். பருத்தித் துணியாக இருக்கட்டும். செயற்கை இழைத் துணி தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

லேபிளைப் பார்க்காத கை

ஃபார்மசி மாணவருக்கு எல்லாவற்றையும் விட முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன். அலமாரியில் பாட்டிலை எடுக்கும்போது ஒருமுறை, ஊற்றும் முன் ஒருமுறை, திரும்ப வைக்கும்போது ஒருமுறை என மூன்று முறை லேபிளைப் படிக்க வேண்டும். பேரை மட்டும் பார்த்தால் போதாது, செறிவையும் பார்க்க வேண்டும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரே அலமாரியில், ஒரே மாதிரி பாட்டிலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஊற்றும்போது லேபிள் உள்ளங்கைப் பக்கம் இருக்கட்டும். அப்போதுதான் வழியும் துளி எழுத்தை அரிக்காது.

அதிகமாக எடுத்துவிட்டால் மிச்சத்தைப் பாட்டிலிலேயே திரும்ப ஊற்றிவிடத் தோன்றும். வீணாகக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் உங்கள் ஸ்பாட்டுலாவில் ஒட்டியிருந்த தூசி அந்தப் பாட்டில் முழுவதையும் கெடுக்கும். அடுத்த பேட்ச் மாணவர்கள் எல்லோருக்கும் முடிவு தவறாக வரும், காரணம் யாருக்கும் தெரியாது. கொஞ்சமாக எடுங்கள், மிஞ்சினால் கழிவில் போடுங்கள்.

நிறமற்ற திரவங்களைப் பார்வையால் அடையாளம் காண முடியாது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஹெய்ட்டி நாட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1995-96இல் அங்கே காய்ச்சலுக்குக் கொடுத்த பாராசிட்டமால் சிரப்பைக் குடித்து, சிறுநீரகம் செயலிழந்து 80க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். சிரப்பில் சேர்த்த கிளிசரினில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவம் கலந்திருந்தது. இரண்டும் நிறமற்றவை, இரண்டும் கெட்டியாக வழியும், இரண்டும் இனிக்கும். பீப்பாயின் மேல் எழுதியிருந்ததை நம்பி, உள்ளே இருப்பது கிளிசரின்தானா என்று சோதிக்காமல் விட்டதன் விளைவு. முதல் ஆண்டில் இனங்காணல் சோதனைகளை ஏன் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள் என்று அலுப்பு வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். பேர், செறிவு, தேதி, உங்கள் பேர் நான்கும் எழுதாத குடுவை மேசையில் இருக்கவே கூடாது, பத்து நிமிடத்துக்கு வைப்பதானாலும்.

ஊற்றும்போதும் சூடாக்கும்போதும்

‘அமிலத்தைத் தண்ணீரில் ஊற்று, தண்ணீரை அமிலத்தில் ஊற்றாதே’ என்பது பள்ளியிலேயே மனப்பாடம். காரணம் தெரிந்தால் கை தவறாது. அடர் சல்ஃபூரிக் அமிலத்தின் அடர்த்தி ஒரு மில்லிக்கு சுமார் 1.84 கிராம். அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் தண்ணீர் மேலேயே மிதக்கும். கலக்கும் இடத்தில் பிறக்கும் வெப்பத்தில் அந்த மெல்லிய நீர்ப்படலம் கொதித்து, அமிலத்தையும் சேர்த்து முகத்தில் தெறிக்கும். நிறையத் தண்ணீரில் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கினால் அமிலம் கீழே இறங்கும், வெப்பம் முழுத் தண்ணீரிலும் பரவிவிடும்.

இதே அடர்த்தியை, சர்க்கரையைக் கண்டறியும் மோலிஷ் சோதனையில் கண்ணால் பார்க்கலாம். சர்க்கரைக் கரைசலில் ஆல்ஃபா நாஃப்தால் சேர்த்து, சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்து, அமிலத்தை உள்சுவர் வழியாக மெதுவாக வழியவிட வேண்டும். அமிலம் அடியில் போய் உட்காரும், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஊதா வளையம் எழும்பும். அவசரப்பட்டு நேராகக் கொட்டினால் வளையமும் வராது, குழாயும் கையில் சுடும். இங்கே பாதுகாப்பான முறையும் சரியான முடிவைத் தரும் முறையும் ஒன்றேதான்.

சோதனைக் குழாயை நேரடிச் சுடரில் காட்டும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். குழாயின் வாய் உங்கள் பக்கமும் இருக்கக்கூடாது, எதிரில் நிற்பவர் பக்கமும் இருக்கக்கூடாது. சர்க்கரையைக் கண்டறியும் ஃபெலிங், பெனடிக்ட் சோதனைகளுக்கு வெந்நீர்த் தொட்டியே நல்லது. திரவம் திடீரெனப் பொங்காமல் சீராகக் கொதிக்கப் போடும் கொதிகற்களை, சூடாக்கும் முன்பே போட வேண்டும். மறந்துவிட்டால் ஆறவிட்டுப் போடுங்கள். சூடான திரவத்தில் போட்டால் மொத்தமும் பொங்கி வெளியே வரும்.

ஸ்பிரிட்டால் மேசையைத் துடைத்த கையோடு பர்னரைப் பற்றவைப்பது நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் சாதாரணமாக நடக்கிறது. ஈரம் முழுதாகக் காயும்வரை பொறுங்கள். ஈதர் இன்னும் மோசம். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, மேசைமேல் கண்ணுக்குத் தெரியாமல் தவழ்ந்து போய் அடுத்த மேசையில் எரியும் சுடரிலிருந்து தீப்பற்றித் திரும்பி வரும். சுடர்தான் வேண்டும் என்பதும் இல்லை. 200 டிகிரிக்கும் குறைவான சூட்டிலேயே அது தானாகப் பற்றிக்கொள்ளும் என்பதால் சூடான ஹாட் பிளேட்டே போதும்.

ஆல்டிஹைடுகளைக் கண்டறியப் பயன்படும் வெள்ளிக் கரைசலான டோலன்ஸ் கரைசலைச் சோதனை முடிந்ததும் நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து அழித்துவிட வேண்டும். நாளைக்கு ஆகும் என்று எடுத்துவைத்தால் அதில் வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மம் உருவாகும். அதேபோல் நைட்ரிக் அமிலக் கழிவையும் ஆல்கஹால், அசிட்டோன் கழிவையும் ஒரே பாட்டிலில் ஊற்றி மூடினால் வாயு சேர்ந்து பாட்டிலே வெடிக்கும், சில சமயம் எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு.

ஒரு துளியின் கணக்கு

கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் குழாயான பியூரெட்டில் கரைசலை ஊற்றிவிட்டு மேலே புனலை எடுக்க மறந்துபோவது, நுனியில் காற்றுக்குமிழி இருப்பதைக் கவனிக்காமல் தொடங்குவது, இரண்டுமே சிறு விஷயமாகத் தெரியும். ஒரு துளி சுமார் 0.05 மில்லி. டைட்ரேஷனில், அதாவது வினை முடியும்வரை கரைசலைச் சேர்த்து அளக்கும் சோதனையில், அளவு 10 மில்லி என்றால் இரண்டு துளி கூடுதலாக விழுந்தாலே 1 சதவீதப் பிழை. பல மூலமருந்துகளில் (மாத்திரையாகவோ சிரப்பாகவோ ஆகும் முன் உள்ள மருந்துப்பொருள்) இருக்க வேண்டிய மருந்தின் அளவுக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு 99 முதல் 101 சதவீதம் வரைதான். நல்ல மருந்து ‘தேறவில்லை’ என்றும், தேறக்கூடாதது ‘தேறியது’ என்றும் வந்துவிடும்.

பியூரெட்டை அதில் நிரப்பப்போகும் கரைசலாலேயே அலச வேண்டும். கூம்புக் குடுவையைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டும். இதை மாற்றிச் செய்பவர்கள் நிறைய. பைப்பெட் நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளாதீர்கள். சாதாரண ஒற்றைக் கோட்டு பைப்பெட்டில் அந்தத் துளியைக் கழித்துத்தான் அளவு குறித்திருப்பார்கள். சூடான குரூசிபிளை, அதாவது பொருளைச் சூடாக்கும் சிறு கிண்ணத்தை, தராசில் வைத்தால் மேலெழும் காற்று எடையைக் குறைத்துக் காட்டும். ஈரம் புகாத மூடிய கலமான டெசிக்கேட்டரில் ஆறிய பிறகே வையுங்கள்.

அளவீட்டைத் துண்டுக் காகிதத்தில் குறித்து, பிறகு அழகாகப் படியெடுப்பது அடுத்த தவறு. காகிதம் தொலையும், அல்லது 9.8 என்பது 9.3 ஆகும். நேராக அப்சர்வேஷன் நோட்டில் பேனாவால் எழுதுங்கள். பிழையானால் ஒரே கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பமும் தேதியும் போடுங்கள். பழைய எண் தெரிய வேண்டும். பக்கத்து மாணவரின் முடிவோடு ஒத்துப்போவதற்காக எண்ணை மாற்றுவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். மருந்துத் துறையில் அதற்குப் பெயர் மோசடி.

மறைக்காதீர்கள்

சிந்தினால், வெட்டுப்பட்டால், உடைந்தால் திட்டு விழும் என்று பயந்து மறைக்கும் மாணவர்கள் உண்டு. கண்ணில் ஏதாவது தெறித்தால் இமையைப் பிரித்துப் பிடித்து 15 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவ வேண்டும். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்துவிட்டது என்று நிறுத்தக்கூடாது. தோலில் அமிலம் பட்டால் அதன்மேல் காரத்தை ஊற்றாதீர்கள், நடுநிலையாகும்போது பிறக்கும் சூடு காயத்தைப் பெரிதாக்கும். ஃபீனால் பட்ட இடம் மரத்துப்போகும், வலிக்காது. வலிக்காததால் விட்டுவிடுகிறார்கள், அது தோல் வழியாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும்போது எந்தப் பாட்டில், என்ன செறிவு என்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.