ஒரு மீட்டர் விட்டமுள்ள காந்த லூப் ஆன்டெனா: வீட்டிலேயே செய்யும் முறை

14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அரை அலை டைபோல் (நடுவில் கேபிள் இணையும் நேர்க்கம்பி ஆன்டெனா) ஒன்றைக் கட்ட வேண்டுமானால், இரு முனைகளையும் இழுத்துக் கட்டத் தூண்களுடன் ஏறத்தாழ 10 மீட்டர் நீளத்துக்குத் தடையற்ற வெளி வேண்டும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு அது 20 மீட்டராகிவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியோ, நான்கு வீட்டார் துணி உலர்த்தும் பொது மொட்டை மாடியோ மட்டுமே கைவசமுள்ள ஹாம் (அமெச்சூர் வானொலியாளர்) ஒருவருக்கு அவ்வளவு இடம் கிடைப்பதில்லை. அத்தகையவர் உலகத்தோடு பேசுவதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது ஒற்றைச் சுற்றுக் காந்த லூப் ஆன்டெனாவையே. அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவர், 5 வாட் அளவிலான குறைந்த திறனில், 14 முதல் 21 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்தத்தக்க ஓர் ஆன்டெனாவைச் செய்யும் முறை இது.

அமைப்பு மிக எளிமையானது. வட்டமாக வளைத்த செம்புக் குழாய் ஒரு சுருளாகவும், அதன் இரு முனைகளுக்கு இடையே வைக்கும் மாறும் கண்டென்சர் அதன் இணையாகவும் இயங்கி, நாம் விரும்பும் அதிர்வெண்ணில் ஒத்ததிர்கின்றன. வட்டத்தின் விட்டம் 1 மீட்டர் எனில் சுற்றளவு 3.14 மீட்டர். அந்தச் சுற்றளவு கால் அலைநீளத்தைத் தாண்டாதிருக்க வேண்டும் என்பதால் ஏறத்தாழ 23.9 மெகாஹெர்ட்ஸ் இதன் மேல் எல்லையாகிறது. எனவே 21 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை வரை தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். 19 மி.மீ. குழாயில் செய்த இந்த வட்டத்தின் தூண்டல் ஏறத்தாழ 2.5 மைக்ரோஹென்றி. அதனுடன் ஒத்ததிரக் கண்டென்சரின் கொள்ளளவாக 21.2 மெகாஹெர்ட்ஸில் 22 பைக்கோஃபாரடும், 18.1-இல் 30-உம், 14.2-இல் 50-உம், 7.1-இல் 198-உம் தேவைப்படும்.

செய்யத் தொடங்கும் முன் மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ள வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 14.2 மெகாஹெர்ட்ஸில் இந்த லூப்பின் கதிர்வீச்சுத் தடை, அதாவது திறனை வெப்பமாக்காமல் அலையாக வெளியேற்றும் பங்கைக் குறிக்கும் தடை, ஏறத்தாழ 0.097 ஓம் மட்டுமே. அந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் 0.02 மி.மீ.-க்கும் குறைவான ஆழத்திலேயே ஓடுவதால், குழாயின் தடை 0.052 ஓம் ஆகிவிடுகிறது. வேறு இழப்பே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், கொடுக்கும் திறனில் 65 சதவீதம்தான் அலையாக வெளியேறும். அதனுடன் துருவேறிய போல்ட் ஒன்றோ, தளர்வான இணைப்பு ஒன்றோ வெறும் 0.05 ஓம் கூடுதல் தடையைச் சேர்த்துவிட்டால் அது 49 சதவீதமாகச் சரிந்துவிடும். 7.1 மெகாஹெர்ட்ஸில் நிலைமை இன்னும் மோசம்: அங்கே கதிர்வீச்சுத் தடை 0.006 ஓம்தான் என்பதால், பழுதற்ற லூப்பே 14 சதவீதத்தையும், அதே தளர்வான இணைப்புள்ள லூப் 7 சதவீதத்துக்கும் குறைவாகவுமே அலையாக மாற்றும். மல்டிமீட்டரில் பார்த்தால் நல்ல இணைப்பு, தளர்வான இணைப்பு இரண்டையுமே பூஜ்யம் என்றே காட்டும். ஆகவே மின்னோட்டம் செல்லும் வழியில் திருகு, நட்டு, உரசித் தொடும் முனை எதுவுமே இருக்கக் கூடாது. எல்லாம் பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த ஒரு விதியைக் காப்பாற்றினால் மற்றவை தாமாகவே அமையும்.

7 மெகாஹெர்ட்ஸில் பேச வேண்டும் என்பவர் 1 மீட்டர் லூப்பை அதற்குள் இழுக்க முயல வேண்டாம் என்பதே என் கருத்து. 2 மீட்டர் விட்டத்தில் ஒன்று செய்தால், அதே குழாயில், அதே அலைவரிசையில் 57 சதவீதம் வரை கிடைக்கும்.

குழாய்க்குக் குளிர்சாதனக் கடைகளில் சுருளாக விற்கும் முக்கால் அங்குலச் செம்புக் குழாயை, அதாவது ஏசி மெக்கானிக்குகள் பயன்படுத்தும் மென்மையான காப்பர் பைப்பை, 3.2 மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அலுமினியக் குழாய் மலிவுதான். ஆனால் வீட்டில் அதைப் பற்றவைக்க முடியாது, போல்ட் போட்டே இணைக்க நேரும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. தரையில் சாக்பீஸால் 1 மீட்டர் விட்டத்தில் வட்டம் வரைந்து, குழாயின் ஒரு முனையை அடைத்து, உலர்ந்த மெல்லிய மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, மறுமுனையையும் அடைத்த பிறகு, அவசரப்படாமல் சிறிது சிறிதாக வளைக்க வேண்டும். மணல் நிரப்பாமல் வளைத்தால் குழாய் ஓரிடத்தில் மடிந்து நசுங்கும். வளைத்து முடித்ததும் மணலைக் கொட்டி, உள்ளே ஊதிச் சுத்தம் செய்து, முனைகளுக்கிடையே 5 செ.மீ. அளவு இடைவெளி வருமாறு வெட்டிவிடுங்கள்.

அடுத்தது கண்டென்சர். இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள், ஏனெனில் ஆன்டெனாவின் தரம் இங்கேதான் தீர்மானமாகிறது. 5 வாட் கொடுக்கும்போதே இதன் முனைகளுக்கிடையே உச்சத்தில் 1,800 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் எழும். 100 வாட் என்றால் 8,000 வோல்ட்டைத் தாண்டும். டிரான்சிஸ்டர் ரேடியோவில் நிலையம் மாற்றப் பயன்படும் சிறிய பிளாஸ்டிக் கேங் (மாறும் கண்டென்சர்) இதைத் தாங்கவே தாங்காது. பழைய வால்வு ரேடியோவில் இருக்கும், காற்றிடைத் தகடுகளும் ஒரே தண்டில் இரு பிரிவுகளும் கொண்ட இரட்டைக் கேங் கண்டென்சரே நமக்கு வேண்டியது. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களிலும், பழைய ரேடியோக்களைப் பிரித்து விற்பவர்களிடமும் தேடிப் பார்க்கலாம்.

அதை இணைக்கும் விதத்தில் ஒரு நுட்பம் உள்ளது. சுழலும் தகடுகளுக்கு மின்சாரம் செல்வது ஓர் உரசும் முனை வழியாகத்தான் என்பதால், அந்த முனையை வழியிலிருந்தே விலக்கிவிட வேண்டும். இரண்டு பிரிவுகளின் அசையாத் தகடுகளை லூப்பின் இரு முனைகளோடு ஆளுக்கொன்றாக இணைத்து, சட்டத்தையும் சுழலும் தகடுகளையும் எதனோடும் இணைக்காமல் விட்டுவிட்டால், மின்னோட்டம் ஒரு பிரிவிலிருந்து தண்டு வழியாக நேரே மறு பிரிவுக்குச் சென்றுவிடும். இரு பிரிவுகளும் தொடரில் அமைவதால் கொள்ளளவு பாதியாகும். மின்னழுத்தம் இரண்டு இடைவெளிகளில் பகிர்ந்துகொள்ளப்படும். ஒவ்வொரு பிரிவும் 365 பைக்கோஃபாரட் எனில் நமக்குக் கிடைப்பது 182. 14 முதல் 21 மெகாஹெர்ட்ஸ் வரையிலான தேவைக்கு அது தாராளம்.

பழைய கேங்கின் பக்கவாட்டில் சிறிய மைக்கா டிரிம்மர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைக் கழற்றிவிடுங்கள், இல்லையேல் முதலில் பொறி பறப்பது அங்கேதான். தகடுகளுக்கிடையே படிந்த தூசியை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவி நன்றாக உலரவிட்டு, முழுச் சுழற்சியிலும் எங்கேனும் தகடுகள் தொட்டுக்கொள்கின்றனவா என்று மல்டிமீட்டரால் சோதித்துக்கொள்ளுங்கள்.

குழாய் முனையிலிருந்து கண்டென்சருக்குக் கம்பியால் இணைக்கக் கூடாது. 20 மி.மீ. அகலமும் அரை மி.மீ. தடிமனும் உள்ள செம்புத் தகட்டுப் பட்டைகளை, முடிந்த அளவு குட்டையாக வெட்டிப் பயன்படுத்துங்கள். குழாயோடு பட்டையைப் பற்றவைக்கச் சாதாரண சால்டரிங் அயர்னின் சூடு போதாது. அருகிலுள்ள ஏசி மெக்கானிக்கிடம் குழாயையும் பட்டையையும் கொடுத்தால் கேஸ் டார்ச்சால் சில நிமிடங்களில் பற்றவைத்துத் தருவார். அது ஆறிய பிறகு, பட்டையின் மறுமுனையைக் கண்டென்சரின் அசையாத் தகட்டு முனைகளில், ஒரு பிரிவில் இரண்டு முனைகள் இருந்தால் இரண்டிலுமே, கனமான அயர்னால் ஈயம் வைத்துப் பற்றவைக்கவும்.

கேங்கைக் கையால் நேரடியாகத் திருப்பி டியூன் செய்ய முடியுமா என்று பலர் கேட்பார்கள். முடியாது. 14 மெகாஹெர்ட்ஸில் 1 பைக்கோஃபாரட் மாறினால் ஒத்ததிர்வு 140 கிலோஹெர்ட்ஸ் அளவு நகர்ந்துவிடும். ஆனால் இந்த லூப் ஒரே நேரத்தில் ஏற்கும் அகலமோ 20 முதல் 25 கிலோஹெர்ட்ஸ்தான். அரைச் சுற்றில் 175 பைக்கோஃபாரட் மாறும் கேங்கில் இது ஏறத்தாழ கால் பாகைக்கும் குறைவான அசைவு. ஆகவே 6-க்கு 1 என்ற விகிதமுள்ள வெர்னியர் டிரைவ் (குமிழின் சுழற்சியைக் குறைத்துத் தண்டுக்குத் தரும் அமைப்பு) ஒன்று கட்டாயம் வேண்டும். இரண்டைத் தொடராகப் பொருத்தி 36-க்கு 1 ஆக்கினால் வேலை சுகமாக இருக்கும். டிரைவுக்கும் கேங்கின் தண்டுக்கும் இடையே அக்ரிலிக் அல்லது ஃபைபர்கிளாஸ் கோல் ஒன்றை 30 செ.மீ. நீளத்துக்காவது வையுங்கள். அது அதிர்ச்சியிலிருந்து காப்பதோடு, கையை அருகே கொண்டு செல்லும்போதே டியூனிங் நகர்ந்துவிடுவதையும் தடுக்கும்.

டிரான்சீவரிலிருந்து (அலையனுப்பவும் பெறவும் உதவும் கருவி) திறனை உள்ளே செலுத்துவது சிறிய இணைப்பு லூப்பின் வேலை. பெரிய வட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கு விட்டம், அதாவது 20 செ.மீ., இதற்குப் போதும். வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் தடித்த செம்புக் கம்பியை 63 செ.மீ. வெட்டி வட்டமாக்கி, ஒரு முனையைக் கோஆக்சியல் சாக்கெட்டின் நடு ஊசியிலும் மறுமுனையை அதன் உடலிலும் பற்றவைத்து, கண்டென்சருக்கு நேர் எதிர்ப்புறத்தில், பெரிய வட்டத்தின் உட்புறமாக அதே தளத்தில் கட்டிவிடுங்கள். இரண்டுக்கும் மின் தொடர்பு தேவையில்லை. சாக்கெட்டிலிருந்து புறப்படும் கேபிளை ஃபெரைட் வளையம் ஒன்றில் எட்டுப் பத்துச் சுற்று சுற்றிவிட்டால், கேபிளின் மேலுறையும் ஆன்டெனாவாகிவிடுவதையும், வீட்டு மின்சாதனங்களின் இரைச்சல் அதன்வழி ஏறி வருவதையும் குறைக்கலாம்.

தாங்குவதற்குச் சாம்பல் நிற பிவிசி பைப்பில் சிலுவைச் சட்டம் போதுமானது. கண்டென்சரை மேலே வைப்பதா கீழே வைப்பதா என்றால், கையால் டியூன் செய்பவருக்குக் கீழே வைப்பதே வசதி. கண்டென்சரை ஏற்றும் பலகைக்கு மட்டும் மரம் வேண்டாம்; மழைக்கால ஈரத்தை உறிஞ்சிய மரத்தின் மீது உயர் மின்னழுத்தம் கரிய தடம் போட்டுவிடும். அக்ரிலிக் தகடு நல்லது. லூப் செங்குத்தாக நிற்க வேண்டும். மொட்டை மாடித் தளத்துக்குள் இரும்புக் கம்பிவலை இருப்பதால், வட்டத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து 1 மீட்டராவது உயர்ந்திருக்கட்டும். பால்கனியின் இரும்புக் கிராதியிலிருந்தும் இயன்ற அளவு விலக்கி வையுங்கள்.

டியூன் செய்யும்போது முதலில் பெறும் நிலையிலேயே தொடங்குங்கள். அதிர்வெண்ணை 14.1 மெகாஹெர்ட்ஸில் வைத்து டிரைவை மெல்லத் திருப்பினால், ஓரிடத்தில் இரைச்சல் திடீரென்று எழுந்து உடனே அடங்கும். அந்த உச்சிதான் ஒத்ததிர்வு. அங்கே நிறுத்தி, 1 வாட் அளவில் அலையனுப்பி, ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் திறனைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரைப் பார்த்தபடி நுட்பமாகச் சரிசெய்யுங்கள். நானோவிஎன்ஏ என்ற சிறிய ஆன்டெனா அளவைக் கருவி கையில் இருந்தால் அலையனுப்பாமலே அந்தக் குழிவைத் திரையில் பார்த்துவிடலாம். எஸ்டபிள்யூஆர் அளவு 1.5-க்குக் கீழே இறங்கவில்லையென்றால், இணைப்பு லூப்பை இலேசாக நசுக்கி நீள்வட்டமாக்கியோ, தளத்திலிருந்து சற்றுத் திருப்பியோ பாருங்கள். மேல் எல்லையான 21 மெகாஹெர்ட்ஸில் இதன் வினைத்திறன் 80 சதவீதத்துக்கு மேல் எட்டக்கூடியது என்பதால், பகல் நேரத்தில் அந்த அலைவரிசையையும் கேட்டுப் பாருங்கள்.

அலையனுப்பும்போது யாரும் லூப்பைத் தொடக் கூடாது. 5 வாட்டானாலும் கண்டென்சர் முனைகளைத் தொட்டால் தோல் ஆழமாகச் சுடும். லூப்பின் அருகில் காந்தப் புலமும் வலுவாக இருக்கும். எனவே 1 வாட்டில் டியூன் செய்யும் சிறு நேரம் தவிர, குறைந்த திறனிலும் 2 மீட்டர் விலகியே இருங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவரை அருகில் வரவிடாதீர்கள். பொது மாடியில் வைத்தால் குழந்தைகள் வரும் நேரத்தை மனத்தில் கொண்டு, சுற்றிக் கயிறு கட்டுவது அவசியம். அதிகத் திறன் வேண்டுமென்றால் இந்தக் கேங் உதவாது. அகன்ற இடைவெளியுள்ள பட்டர்ஃபிளை கண்டென்சரோ, வெற்றிடக் கண்டென்சரோ தேட வேண்டும். டியூனிங்கையும் தொலைவிலிருந்து மோட்டாரால் செய்ய வேண்டும்.

அலை வலுவாகச் செல்வது வட்டத்தின் விளிம்பு நோக்கும் இரு திசைகளில். வட்டத்தை நேர் எதிரே நின்று பார்க்கும் திசையில் அது மிகவும் நலிந்திருக்கும். பக்கத்து வீட்டு எல்இடி விளக்கோ இன்வெர்ட்டரோ இரைச்சல் எழுப்பினால், லூப்பைத் திருப்பி அந்த நலிந்த திசையை அதன் பக்கம் காட்டுங்கள். டைபோலில் கிடைக்காத வசதி இது. அடிக்கடி டியூன் செய்வது சலிப்பாக இருந்தால், கணினி வழியே குறுஞ்செய்திகளைப் பரிமாறும் எஃப்டி8 முறையில் தொடங்குவது நல்லது. 14.074 மெகாஹெர்ட்ஸில் நிறுத்திவிட்டால் அம்முறையின் உரையாடல்கள் அனைத்தும் 3 கிலோஹெர்ட்ஸுக்குள்ளேயே நடப்பதால் டிரைவைத் தொடவே தேவையிராது. ஆனால் எஃப்டி8 ஒவ்வொரு முறையும் 12.6 விநாடிகள் இடைவிடாமல் முழுத் திறனில் அலையனுப்பும் என்பதால், முதல் சில அழைப்புகளுக்குப் பின் டிரான்சீவரை அணைத்துவிட்டுப் பற்றவைத்த இடங்களைத் தொட்டுப் பாருங்கள். ஓர் இணைப்பு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால், அதைப் பிரித்து, சுரண்டிச் சுத்தம் செய்து, மீண்டும் பற்றவைத்துவிடுங்கள்.