பழைய கடற்படைப் படச்சுருள்களைக் கையாள்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடற்படைகளின் பழைய படச்சுருள்களைப் பார்க்க ஒரு காலத்தில் லண்டனுக்கோ வாஷிங்டனுக்கோ கடிதம் எழுதி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் சேகரிப்பிலும் கணிசமான பகுதியை வீட்டிலிருந்தபடியே பார்த்துவிடலாம். ஆவணப்படம் எடுக்க வரும் இளைஞர்களும் கடல் வரலாறு படிக்கும் மாணவர்களும் இவற்றை ஆர்வத்தோடு தேடிப் பார்ப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஆனால் எங்கள் தலைமுறை ஆய்வாளர்கள் எந்தெந்த இடங்களில் இடறினோமோ, அதே இடங்களில்தான் அவர்களும் இடறுகிறார்கள். ஆண்டைத் தவறாக எழுதுவது, காப்பகத்தின் அனுமதி பெறாமல் பயன்படுத்துவது போன்றவை எவருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். தவறு என்றே தெரியாமல் செய்யப்படுபவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வேகத்தைச் சரிபார்க்காமல் மாலுமிகளை எடைபோடுவது

முதல் உலகப்போர்க் காலத்துக் காமிராக்களைப் பெரும்பாலும் கையால் சுற்றித்தான் இயக்கினார்கள். நொடிக்குச் சுமார் 16 பிரேம்கள் என்பது பொதுவான அளவு. ஆனால் அது ஒளிப்பதிவாளரின் கைப்பழக்கத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். பேசும்படம் வந்த பிறகு நொடிக்கு 24 பிரேம் என்பது நிலையான அளவாயிற்று. பழைய சுருளை அப்படியே புதிய வேகத்தில் ஓட்டினால் எல்லாம் ஒன்றரை மடங்கு விரைவாக நடக்கும். அதைப் பார்த்துவிட்டு அந்தக் காலத்து மாலுமிகள் எவ்வளவு சுறுசுறுப்பாகத் தளத்தைத் தேய்த்தார்கள் என்று வியந்து எழுதப்பட்ட கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன்.

கடற்படைப் படங்களில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மனிதர்களைப் பார்க்காமல் கப்பலைப் பாருங்கள். பல்லாயிரம் டன் எடையுள்ள போர்க்கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து, மறு பக்கம் சாய்ந்து, பழைய நிலைக்குத் திரும்பப் பத்து நொடிக்கும் மேல் ஆகும். அது சிறு படகைப் போலத் துள்ளினால் படம் வேகமாக ஓடுகிறது என்று பொருள். முகப்பில் மோதிச் சிதறும் நீர் கீழே விழும் வேகமும் இதே செய்தியைச் சொல்லும்.

ஒலியை நம்புவது

இரண்டாம் உலகப்போரில் கப்பல்களில் ஏறிய ஒளிப்பதிவாளர்கள் பெரும்பாலும் ஐமோ போன்ற கைக்காமிராக்களையே எடுத்துச் சென்றனர். அவை ஒலியைப் பதிவு செய்யாதவை. தொலைவிலுள்ள கப்பலின் பீரங்கி ஒளிர்ந்த அதே கணத்தில் முழக்கமும் கேட்டால், அந்த முழக்கம் பின்னர் படக்கூடத்தில் சேர்க்கப்பட்டது.

வேறொரு கப்பலின் அழிவைக் கடன் வாங்குவது

நான் நீண்ட நேரம் பேச விரும்புவது இந்தத் தவறைப் பற்றித்தான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைக் காணும்போது எனக்குக் கோபம் வருகிறது.

1941 நவம்பர் 25 அன்று மத்தியதரைக் கடலில் பிரித்தானியப் போர்க்கப்பல் பார்ஹாமை ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் யு-331 டார்பிடோக்களால் தாக்கியது. அருகில் சென்றுகொண்டிருந்த வேலியண்ட் கப்பலில் கோமான் பிரிட்டிஷ் செய்திப்பட நிறுவனத்தின் ஒளிப்பதிவாளர் ஜான் டர்னர் இருந்தார். கப்பல் இடப்புறம் சாய்வதும், மாலுமிகள் கவிழும் உடற்பகுதியின் மேல் ஏறி நடப்பதும், திடீரென வெடிமருந்துக் கிடங்கு வெடித்துக் கப்பல் முழுவதும் கரும்புகைக்குள் மறைவதும் அவர் காமிராவில் பதிவாயின. தாக்குதலுக்கும் வெடிப்புக்கும் இடையே சில நிமிடங்களே சென்றன. 800-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கப்பல் அழிந்த செய்தியையே பிரித்தானிய அரசு 1942 ஜனவரி வரை வெளியிடவில்லை.

இந்தச் சில நொடிக் காட்சி, மற்றொரு பிரித்தானியப் போர்க்கப்பலான ஹூட்டின் அழிவாக எத்தனையோ நிகழ்ச்சிகளில் காட்டப்பட்டிருக்கிறது. ஹூட் அழிந்தது அதே ஆண்டு மே 24 அன்று, டென்மார்க் நீரிணையில். 1,400-க்கும் மேற்பட்டோர் இருந்த அந்தக் கப்பலில் உயிர் பிழைத்தவர்கள் 3 பேர் மட்டுமே. அன்றைய சண்டையின்போது ஜெர்மானியக் கப்பல் பிரின்ஸ் ஆய்கனிலிருந்து எடுக்கப்பட்ட படத்தில் நமக்குக் கிடைப்பவை ஹூட்டோடு மோதிய ஜெர்மானியப் போர்க்கப்பல் பிஸ்மார்க்கின் பீரங்கி ஒளியும் தொடுவானப் புகையும்தான். ஹூட் வெடிப்பதை இவ்வளவு அருகிலிருந்து காட்டும் படம் வேண்டுமென்றால், அதன் பக்கத்தில் ஒரு காமிரா இருந்திருக்க வேண்டும். காமிரா எங்கே இருந்தது என்ற இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தாலே அந்தப் பிழை நேர்ந்திருக்காது.

இதைப் போலவே அலைக்கழிக்கப்பட்ட இன்னொரு காட்சி, 1918 ஜூன் 10 அன்று ஏட்ரியாட்டிக் கடலில் மூழ்கிய ஆஸ்திரிய-ஹங்கேரியப் போர்க்கப்பல் செண்ட் இஷ்ட்வானுடையது. இத்தாலிய விரைவுப் படகின் டார்பிடோக்களால் தாக்கப்பட்ட அக்கப்பல் மெல்லச் சாய்ந்து கவிழ்வதை, உடன் வந்த டெகெட்ஹாஃப் கப்பலிலிருந்து படம் பிடித்தார்கள். போர்க்கப்பல் ஒன்று கடலில் மூழ்குவது படமாகியிருப்பது மிக அரிது என்பதால், முதல் உலகப்போரின் எந்தக் கடற்சண்டையைச் சொன்னாலும் இதை ஒட்டிவிடுகிறார்கள். 1916-இல் பிரித்தானிய, ஜெர்மானியக் கடற்படைகளுக்கிடையே நடந்த ஜட்லாந்துச் சண்டைக்கும் 1918-இல் எடுத்த இந்தப் படம் பொருத்தப்படுகிறது. செண்ட் இஷ்ட்வானின் சுழல்மேடை ஒவ்வொன்றிலும் மூன்று பீரங்கிகள் உண்டு. ஜட்லாந்தில் நின்ற எந்தப் பிரித்தானியக் கப்பலிலும் அந்த அமைப்பு இல்லை. விரலை நீட்டி எண்ணத் தெரிந்தவர் எவரும் கண்டுபிடித்துவிடலாம்.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசி, பர்மா எண்ணெய் நிறுவனத்தின் கிடங்குகளைக் கொளுத்தியது. அதைப் பற்றி ஒரு நிகழ்ச்சி தயாரித்த இளைஞர்கள் முடிக்கும் தறுவாயில் என்னிடம் காட்டினார்கள். தாக்குதலை விவரிக்கும் குரலுக்குக் கீழே எம்டன் பீரங்கிகள் முழங்கும் காட்சி ஓடியது. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். படக்காட்சிகளை விற்கும் நிறுவனம் ஒன்றிடம் பணம் கொடுத்து வாங்கியதாகவும், ‘எம்டன், 1914’ என்றே அங்கே குறிக்கப்பட்டிருந்ததாகவும் சொன்னார்கள். படம் நீல நிறத்தில் இருந்ததால் இரவுக்காட்சி என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே எழவில்லை. ஆனால் தளத்தில் நின்ற ஆட்களின் நிழல்கள் கூர்மையாக விழுந்திருந்தன. கடல்மேல் வெயில் மின்னியது. மௌனப்பட காலத்தில் பகலில் எடுத்த காட்சிக்கு நீலச் சாயம் ஏற்றி இரவாகக் காட்டுவது கதைப்படங்களில் பரவலாக இருந்த வழக்கம். 1914-இன் பிலிமுக்கோ, இருண்ட கடலில் நகரும் கப்பலை இரவு ஒன்பதரை மணிக்கு இவ்வளவு துலக்கமாகப் பதிவு செய்யும் ஆற்றல் கிடையாது.

தேடிப் பார்த்தபோது அது 1926-இல் லூயிஸ் ரால்ஃப் இயக்கிய ஜெர்மானியக் கதைப்படத்தின் காட்சி என்று தெரிந்தது. அதே படத்தின் பகுதிகளை எடுத்துக்கொண்டு, ஆஸ்திரேலியக் கடற்படையின் உதவியோடு புதிய காட்சிகளையும் சேர்த்து, 1928-இல் கென் ஜி. ஹால் ஆஸ்திரேலியாவில் இன்னொரு படம் வெளியிட்டார். இப்படி ஒரு நடிப்புக்காட்சி இரண்டு நாடுகள் வழியாகப் பயணம் செய்து, தலைப்பு அட்டைகள் உதிர்ந்து, தனித்துண்டாகி, கடைசியில் ‘1914’ என்ற குறிப்போடு விற்பனைக்கு வந்திருக்கிறது. நிகழ்ச்சியை வெட்டி மறுபடி ஒட்டினார்கள். விவரணையைத் திரும்பப் பதிவு செய்தார்கள். கொடுத்த பணம் திரும்பவில்லை. ஒளிபரப்புத் தேதியும் தவறியது. காட்சியே இல்லாத இரவைச் சொல்ல எரிந்த எண்ணெய்க் கிடங்குகளின் நிழற்படங்கள் போதும் என்று நான் சொன்னது அவர்களுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

நடிப்புக்காட்சி உண்மைக்காட்சியாவது பழைய வியாதி. 1898-இல் மணிலா விரிகுடாச் சண்டை என்று நியூயார்க்கில் வைட்டகிராஃப் நிறுவனத்தார் காட்டிய படம், வெட்டியெடுத்த கப்பல் படங்களை நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டுச் சுருட்டுப் புகை ஊதி எடுத்தது. 1941 டிசம்பர் 7 அன்று பெர்ல் துறைமுகத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் அரிசோனா வெடித்ததைப் பதிவு செய்த உண்மையான வண்ணப்படம், மருத்துவக் கப்பல் சோலேஸில் இருந்த ஒரு மருத்துவர் எடுத்த சிறு துண்டு. ஆனால் அத்தாக்குதலின் காட்சிகளாகப் பிற்கால ஆவணப்படங்களில் வருபவற்றில் பல, திரைப்பட இயக்குநர் ஜான் ஃபோர்டும் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டும் அமெரிக்கக் கடற்படைக்காகப் பின்னர் படக்கூடத்தில் அமைத்து எடுத்தவை. அவர்கள் காலத்தில் அது மறைக்கப்பட்ட செய்தி அன்று. வெட்டி எடுத்தவர்கள்தான் மறந்தார்கள்.

என் கோபம் வெறும் துல்லியத்தைப் பற்றியதன்று. பார்ஹாமின் உடற்பகுதி மேல் ஏறி நிற்பவர்கள் பெயரும் குடும்பமும் உள்ள மனிதர்கள். அவர்களுடைய கடைசி நிமிடம் அது. அதை வேறொரு கப்பலின் பெயரில் காட்டினால் அவர்கள் இரண்டாம் முறை காணாமல் போகிறார்கள்.

இடவலம் மாறியதைக் கவனிக்காதது

எதிரெதிர்க் கப்பல்கள் ஒன்றையொன்று நோக்கிச் சுடுவதுபோல் காட்டுவதற்காகப் படத்தொகுப்பாளர்கள் காட்சியை இடவலமாகத் திருப்பிவிடுவது உண்டு. விமானந்தாங்கிக் கப்பலில் கட்டளைக் கோபுரம் வலப்புறம் இருக்கும் என்பதை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் ஜப்பானின் அகாகி, ஹிர்யூ ஆகிய இரண்டு கப்பல்களில் கோபுரம் இடப்புறமே இருந்தது. அவற்றைத் ‘திருத்தி’ வைத்துவிடாதீர்கள். கண்ணை ஏய்க்கும் கோணல் வண்ணப்பூச்சு உள்ள கப்பல்களில் இரு பக்கங்களின் வடிவங்களும் வேறுபடுவதால், நிழற்படத்தோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கும். தொப்பிப் பட்டையை நம்பிக் கப்பலை அடையாளம் காண முயல வேண்டாம். இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய மாலுமிகளின் பட்டைகளில் கப்பலின் பெயர் நீக்கப்பட்டு, எல்லாப் பிரித்தானியப் போர்க்கப்பல்களுக்கும் பொதுவான எச்.எம்.எஸ். என்ற எழுத்துகள் மட்டுமே இருந்தன.

கருப்பு வெள்ளையில் நிறம் தேடுவது

முதல் உலகப்போர்க் காலத்துப் பிலிம் சிவப்பை உணராது; சிவப்புக் கொடி கருப்பாகவும் நீல வானம் வெள்ளையாகவும் பதியும். இன்று கணினி பூசும் வண்ணம் ஊகமே.

மேல்தளத்தையே கப்பல் என்று எண்ணுவது

கடல் வாழ்வைப் பற்றி அறியவே பலர் இந்தச் சுருள்களைத் தேடுகிறார்கள். அதற்கு இவற்றைப் போன்ற சான்று வேறில்லை என்பது உண்மை. மாலுமி ஒருவர் கயிற்றைத் தோளில் சுருட்டும் விதத்தையும், ஆடும் தளத்தில் தேநீர்க் குவளை சிந்தாமல் நடக்கும் கால்களையும் எந்த நாட்குறிப்பும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. ஆயினும் அக்காலத்துப் பிலிமுக்கு மிகுந்த ஒளி தேவைப்பட்டது. ஆகவே காமிரா வெயில் இருந்த இடத்தில் நின்றது. நிலக்கரிக் கப்பல்களில் கரி ஏற்றும் நாள் நிறையப் படங்களில் இருக்கிறது. மூட்டை சுமந்து, முகமெல்லாம் கரி அப்பி, கப்பலில் உள்ள அனைவரும் மேல்தளத்தில் உழைக்கும் நாள் அது. அந்தக் கரியை அடுத்த வாரம் முழுவதும் அடித்தளத்தின் வெக்கையில் கொதிகலன்களுக்கு வாரிப் போட்டவர்கள் மிக அரிதாகவே தென்படுகிறார்கள். அப்படிக் காட்சி கிடைத்தால், விளக்கு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அவர்களை நிறுத்தி, ஒளி அமைத்து எடுத்ததாக இருக்கும்.

அடிக்கடி படமாக்கப்பட்டது அடிக்கடி நடந்தது என்று முடிவு கட்டுவதும் பிழை. பிரித்தானியக் கப்பல்களில் 1970 ஜூலை 31 வரை நாள்தோறும் ரம் வழங்கப்பட்டது. அதற்கொரு சடங்குத்தன்மை இருந்ததால் காமிராவுக்கு அது பிடித்தது. நிலநடுக்கோட்டைக் கடக்கும்போது நடக்கும் வேடிக்கைகளும் குத்துச்சண்டைப் போட்டிகளும் அவ்வாறே. ஆனால் மாலுமியின் நாளை உண்மையில் நிரப்பியது நான்கு மணி நேரக் காவல் முறை. நள்ளிரவு முதல் நான்கு மணி வரை இருட்டில் கண்விழித்து நின்ற காவலை எவரும் படம் எடுக்கவில்லை; எடுத்திருந்தாலும் எதுவும் தெரிந்திருக்காது. உணவு மேசைக்கு மேலேயே தொங்கு படுக்கை கட்டித் தூங்கிய நெருக்கடி சில சுருள்களில் கிடைக்கிறது. அவற்றை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், ஓரங்களில் காயும் துணிகள்கூடச் செய்தி சொல்லும். புயல் குறைவாகவே தெரிவதற்குக் காரணம் கடல் அமைதியாக இருந்தது என்பதன்று. கடல் கொந்தளித்தபோது காமிரா பெட்டிக்குள் இருந்தது.

இன்னொரு இன்மையும் உண்டு. சரக்குக் கப்பல் அணிகளைப் பெரும்பாலும் காவற்கப்பல்களிலிருந்தே படம் எடுத்தார்கள். ஆதலால் சரக்குக் கப்பல்கள் தொலைவில் நகரும் உருவங்களாகவே நிற்கின்றன. அவற்றின் இயந்திர அறைகளில் இந்தியக் கடலோடிகள் ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள். படத்தில் இல்லை என்பதால் அவர்கள் கடலிலேயே இல்லை என்று பொருள்கொள்ளும் நிகழ்ச்சிகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

முடிவுற்ற படத்தை மட்டும் பார்ப்பது

செய்திப்படமாக வெளிவந்தது தணிக்கைக்கும் தொகுப்புக்கும் பிறகு எஞ்சியது. காப்பகங்களில் வெட்டப்படாத சுருள்களும், ஒளிப்பதிவாளர் எழுதிய காட்சிக் குறிப்புத்தாள்களும் பல நேரங்களில் இருக்கின்றன. எல்லாம் இருக்கும் என்று சொல்ல முடியாது. அக்காலத்துச் சுருள்களுக்குப் பயன்பட்ட நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றக்கூடியது. 1978 டிசம்பர் 7 அன்று அமெரிக்கக் காப்பகத்தின் சூட்லாந்துக் கிடங்கில் மூண்ட தீயில் யுனிவர்சல் செய்திப்படங்களின் சுருள்கள் 1.26 கோடி அடி அழிந்தன. எஞ்சியவற்றில் உங்களுக்கு வேண்டிய காட்சிக்குக் குறிப்புத்தாள் இருக்கிறதா என்று காப்பகத்தாரிடம் எழுதிக் கேளுங்கள். நாள், கப்பல், காமிரா நின்ற இடம் ஆகிய மூன்றும் அதில் கிடைத்த பிறகு பணம் கட்டுங்கள்.