முதல் ரிவ்யூ வருவதற்கு முன் செய்யும் தவறுகள்

ஒவ்வொரு வேலையாகப் பிடித்துத் தனியாகச் செய்து கொடுக்கும் ஃப்ரீலான்சிங் தளங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களிடமிருந்து அதிகம் வரும் புலம்பல் இதுதான்: "நாற்பது ப்ரொப்போசல் அனுப்பிவிட்டேன், ஒருவர்கூடப் பதில் போடவில்லை." அனுப்பியதை வாங்கிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். ப்ரொப்போசல் என்பது வேலை கேட்டு எழுதும் கடிதம்; நாற்பதும் ஒரே கடிதம். "மதிப்பிற்குரிய ஐயா, நான் கடின உழைப்பாளி, எந்த வேலையையும் குறித்த நேரத்தில் முடித்துத் தருவேன்" என்றுதான் எல்லாமே தொடங்கியிருக்கும்.

வேலை கொடுக்கும் க்ளையன்டின் திரையில் என்ன தெரிகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரே வேலைக்கு வந்த பல பேரின் பட்டியல். ஒவ்வொருவருக்கும் ஒரு படம், கேட்கும் தொகை, கடிதத்தின் முதல் இரண்டு வரி, அவ்வளவுதான். முழுக் கடிதத்தையும் திறக்கலாமா வேண்டாமா என்பதை அந்த இரண்டு வரியை வைத்தே முடிவு செய்கிறார். அதில் உங்களைப் பற்றிப் பேசினால் அந்த இடம் வீண். அவருடைய வேலையைப் பற்றிப் பேசுங்கள். "தளம் மெதுவாகத் திறக்கிறது, சரிசெய்ய ஆள் வேண்டும்" என்று ஒருவர் கேட்டிருந்தால், "உங்கள் தளத்தை போனில் திறந்து பார்த்தேன். முகப்பில் உள்ள படங்கள் தேவைக்கு மேல் பெரியவை, அங்கிருந்து தொடங்கலாம்" என்று எழுதுங்கள். இதற்குப் பத்து நிமிடம் ஆகும். ஆகட்டும். அப்வொர்க் என்ற தளத்தில் விண்ணப்பிக்க கனெக்ட்ஸ் எனும் டோக்கன்கள் செலவாகும். இலவசமாகக் கிடைத்தவை தீர்ந்தால் ஒன்று 15 சென்ட் கொடுத்து வாங்க வேண்டும், ஒரே விண்ணப்பத்துக்கே பல கனெக்ட்ஸ் போய்விடும். ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்புவது காசையும் கரைக்கும்.

ப்ரொஃபைலில் லோகோ, டேட்டா என்ட்ரி, மொழிபெயர்ப்பு, வீடியோ எடிட்டிங் என எல்லாவற்றையும் அடுக்குவது அடுத்த தவறு. வாய்ப்பு கூடும் என்ற நினைப்பில் செய்கிறார்கள். பார்ப்பவருக்கோ எதிலும் நம்பிக்கை வராது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். காட்ட வேலை இல்லையே என்றால், கற்பனையான ஒரு நிறுவனத்துக்கு நீங்களே மூன்று மாதிரிகள் செய்து, மாதிரி என்று குறிப்பிட்டுப் போடுங்கள். அடுத்தவர் செய்ததை எடுத்துப் போடவே கூடாது.

இப்போது விலை. புதியவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். ஃபைவர் என்ற இன்னொரு தளம் 2010-ல் தொடங்கியபோது ஐந்து டாலர் வேலைகள்தான் அதன் அடையாளம், பெயரே அதிலிருந்து வந்தது. அந்தத் தளம் விற்பவரிடம் 20 சதவீதம் கமிஷன் எடுக்கிறது. ஐந்து டாலருக்கு வேலை செய்தால் கையில் நான்கு. அதிலும் பணத்தை வங்கிக்கு மாற்றும் கட்டணம் தனி. வேலை முடிந்தபின் புதியவர்களுக்கு அந்தப் பணம் விடுபட 14 நாள் ஆகும். "ரிவ்யூ கிடைக்கட்டும், முதலில் சும்மா செய்து தருகிறேன்" என்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: விலையைக் குறைக்காதீர்கள், வேலையின் அளவைக் குறையுங்கள். பத்துப் பக்கத் தளத்தைப் பாதி விலைக்குச் செய்வதைவிட ஒரு பக்கத்தை நியாயமான விலைக்குச் செய்யுங்கள். க்ளையன்டுக்கும் ரிஸ்க் குறைவு. மிக மலிவாகக் கேட்டால் அவருக்குச் சந்தேகம்தான் வரும்.

எதைச் செய்வோம், எத்தனை முறை திருத்துவோம் என்று எழுதி வைக்காமல் தொடங்குவதும் பெரிய தவறு. ஆரம்பத்தில் நானும் இதைச் செய்தேன். "சின்னத் திருத்தம்தான்" என்று ஒருவர் கேட்க, சரி சரி என்று செய்துகொண்டே போனேன். ஏழாவது முறை மொத்த டிசைனும் மாறியிருந்தது, தொகை மட்டும் மாறவில்லை. அவர்மீது குற்றம் சொல்ல முடியாது, எல்லையை நான் போடவில்லை. இப்போது "இரண்டு முறை திருத்தம், அதற்கு மேல் தனிக் கட்டணம்" என்று சாட்டிலேயே எழுதிவிடுகிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

பணம் எஸ்க்ரோவில், அதாவது வேலை முடியும்வரை பணத்தைப் பிடித்து வைக்கும் இடத்தில், வந்துவிட்டதா என்று பார்க்காமல் வேலையில் இறங்காதீர்கள். அப்வொர்க்கில் மொத்தத் தொகைக்குப் பேசிய வேலை என்றால், அந்த மைல்ஸ்டோனுக்கு (வேலையின் ஒரு கட்டத்துக்கு) க்ளையன்ட் பணம் போட்டுவிட்டாரா என்பது திரையிலேயே தெரியும். முடித்ததை முறையாகச் சமர்ப்பித்தால், அவர் 14 நாள் பதிலே சொல்லாவிட்டாலும் பணம் தானாக விடுவிக்கப்படும். ஃபைலை மெயிலில் மட்டும் அனுப்பிவிட்டால் அந்த 14 நாள் கணக்கு ஓடவே ஓடாது. மணிக்கணக்கு வேலை என்றால் வேலை நேரத்தைப் பதிவு செய்யும் அப்வொர்க்கின் டைம் டிராக்கரை ஓடவிட்டே செய்யுங்கள். கையால் எழுதிச் சேர்க்கும் நேரத்துக்குப் பணப் பாதுகாப்பு கிடையாது.

ஃபைவரில் கெடு நெருங்கும்போது காலி ஃபைலை 'டெலிவர்' செய்து கடிகாரத்தை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். அது விதிமீறல். தாமதமாகும் என்று தெரிந்த அன்றே சொல்லி, கூடுதல் நாள் கேளுங்கள். காரணம் உண்மையாக இருந்தால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். மௌனத்தைத்தான் யாரும் மன்னிப்பதில்லை.

கடைசியாக, உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய விஷயம். வேலை தருவதாகச் சொல்லி உடனே டெலிகிராமுக்கோ வாட்ஸ்அப்புக்கோ வரச் சொல்வார்கள். அப்புறம் "பதிவுக் கட்டணம்", "பயிற்சிக் கட்டணம்", "திருப்பித் தரும் டெபாசிட்" என்று ஏதாவது ஒரு பெயரில் பணம் கேட்பார்கள். உங்கள் அக்கவுன்ட்டை வாடகைக்குக் கேட்பவர்களும் உண்டு. கொடுத்தால் அவர்கள் செய்யும் மோசடி உங்கள் அடையாளத்தில் பதிவாகும், அக்கவுன்ட்டும் நிரந்தரமாக முடக்கப்படலாம். வேலை கொடுப்பவர் உங்களுக்குத்தான் பணம் தர வேண்டும். ஒரு டாலரே கேட்டாலும் சாட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தளத்தில் ரிப்போர்ட் செய்துவிட்டு, அடுத்த வேலையைப் பாருங்கள்.